மருமகன் ரத்தத்தின் கவுண்ட்

சங்கரபாண்டியன் காலையில் எழுந்ததும் பதினேழு தும்மல் போடுவான். எண்ணியது அவனல்ல, அத்தை பேச்சித்தாய். பதினேழும் முடிந்த பிறகுதான் அவள் காப்பிக்குப் பால் வைப்பாள். இது மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களின் கணக்கு. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் இரண்டோ மூன்றோதான், அதுவும் அவள் மிளகாய் வறுத்தால்.

எழுபத்தைந்தாம் வருஷம் ஜூலை மாதம் அவனுக்குத் துறைமுகத்தில் வேலைக்கு ஆர்டர் வந்தது. கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. அதுவரை ஓர் உப்புக் கம்பெனியில் தற்காலிகமாகத் தபால் எழுதிக்கொண்டிருந்தான். துறைமுக வேலைக்கு வயது உச்சவரம்பு இருபத்தைந்து. டிசம்பரோடு அவன் அதைத் தாண்டிவிடுவான். ஆகவே இந்த ஆர்டர் போனால் போனதுதான்.

துறைமுக ஆபீஸ் டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவன் தும்மினான். ரத்தம் சோதிக்கச் சொன்னார். ஈஸ்னோபில் என்கிற ரத்த அணுவின் கவுண்ட் ஆயிரத்து அறுநூற்று நாற்பது என்று சீட்டு வந்தது. “ஐந்நூறுக்குக் கீழே வந்தால்தான் கையெழுத்து” என்றார் டாக்டர்.

லேப் வைத்திருந்த பர்னபாஸ் அவனுக்கு விளக்கினார். “தம்பி, பதினாறு வருஷமா நோட்டுல எழுதிட்டு வாரேன். தும்மலு, இளைப்பு உள்ள ஆளுக்கு இந்த அணு கூடுதலா இருக்கும். சின்னப் பிள்ளையளுக்கு ரொம்பக் கூடும். வயசு ஏற ஏறக் குறையும். மேல்காத்துல ஏறும், மழையில இறங்கும். ஊருக்கெல்லாம் இப்படித்தான்னு நான் சொல்லமாட்டேன், என் நோட்டு அப்படிச் சொல்லுது.”

“அப்ப எனக்கு, அண்ணாச்சி?”

“ஒண்ணு மழை வரணும், இல்ல உமக்கு வயசாவணும். எது சீக்கிரம்னு பாத்துக்கிடும்.”

சங்கரபாண்டியன் மழையைத் தேர்ந்தெடுத்தான். அன்றைக்கே மனு எழுதினான். ‘பொருள்: மேல்காற்று ஓயும் வரை மறுபரிசோதனைக்குத் தவணை கோருதல்.’ டாக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, அக்டோபர் முப்பத்தொன்று மாலை ஐந்து மணி வரை தவணை கொடுத்தார்.

மாமா இசக்கியப்பன் பஞ்சாலையில் நூற்புப் பகுதி மேஸ்திரி. இருபத்தெட்டு வருஷம் கவுண்டோடு வாழ்ந்தவர். மில்லில் நூலைக் கவுண்ட் வைத்துத்தான் மதிப்பார்கள். இருபது என்றால் முரட்டு நூல், நூறு என்றால் பட்டு மாதிரி. கவுண்ட் ஏற ஏற மவுசு.

அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே சங்கரபாண்டியன் சொன்னான். “கவுண்டு ஆயிரத்து அறுநூத்து நாப்பது மாமா. அது செல்லாதாம். மறுபடி பாக்கணும்.”

“ஆயிரத்து அறுநூறே செல்லாதா! தொறமொகம்னா சும்மாவா?”

“வயசானா குறையுமாம்.”

“குறையத்தான செய்யும்? எளரத்தம்லா, கூடத்தான் இருக்கும். ஏளா பேச்சி, அவனுக்கு இன்னொரு முட்டை வையி.”

மறுநாள் ஷிப்டில் மாமா சொல்லாத ஆள் இல்லை. “எம் மருமவன் ரத்தம் ஆயிரத்து அறுநூறு கவுண்டு வே! நம்ம மெசின்ல ஓடுமா?”

ஐப்பசியில் மழை இறங்கியது. தும்மலும் அடங்கியது. முப்பதாம் தேதி சங்கரபாண்டியன் ரத்தம் கொடுத்தான். மறுநாள் காலை உப்பு அம்பாரங்களுக்கு ஓலை மூடுகிற வேலைக்குத் தபால் எழுதுகிறவனையும் கூப்பிட்டுவிட்டார்கள். “மாமா, லேப்ல சீட்டை வாங்கி டாக்டர்கிட்ட குடுத்திருங்க, மூணு மணிக்கு வந்துருதேன்” என்று ஓடினான்.

மாமா சீட்டை வாங்கிப் பார்த்தார். 340. சைக்கிளைச் சாய்த்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நாலு மாதத்தில் பையன் ரத்தம் இப்படியா கெட்டுப்போகும்? கடைக்காரரிடம் பேனா வாங்கினார். முன்னால் ஒரு ஒன்று போட்டால் 1340, அது போன தடவையைவிடக் குறைவு. யோசித்து இரண்டு போட்டார்.

மூன்று மணிக்குச் சங்கரபாண்டியன் நனைந்தபடி வந்தபோது வராந்தாவில் மாமா சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே டாக்டர் சிரிக்கவில்லை. “மழை பெய்ஞ்சா இறங்கும்னு எழுதினீரே? ரெண்டாயிரத்து முந்நூத்து நாப்பது!” பேனா ‘தகுதியில்லை’ என்ற கட்டத்துக்கு மேலே நின்றது.

சங்கரபாண்டியன் சீட்டை வாங்கிப் பார்த்தான். 340 நீல மை. இரண்டு மட்டும் பச்சை.

“மாமா!”

“நாந்தாம்லே போட்டேன்” என்று மாமா வாசலிலிருந்தே சொன்னார். “அய்யா கொறச்சு நெனைச்சிரக் கூடாதுல்லா?”

“என்னத்தக் கொறச்சு?”

“கவுண்டத்தான். மில்லுல நாங்க நூறைத் தாண்டவே படாத பாடு படுதோம்.”

டாக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். ஆனாலும் கை வைத்த சீட்டை வாங்க மாட்டேன் என்றார். “அஞ்சு மணிக்குள்ள புதுச் சீட்டு கொண்டாங்க. கொண்டு வாரவரு இவரா இருக்கக் கூடாது.”

மழையில் மாமா சைக்கிள் மிதித்தார், மருமகன் பின்னால் உட்கார்ந்தான். பர்னபாஸ் ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். பக்கத்திலேயே மாமா நின்று, “கொறையட்டும், கொறையட்டும்” என்று முணுமுணுத்தார்.

“வேய், எண்ண விடும். நீரு பேசினா நான் முதல்லேருந்து வரணும்.”

முந்நூற்று இருபது. எண்ணிலும் எழுத்திலும் எழுதி, முன்னும் பின்னும் கோடு இழுத்து, “இனி ஒரு புள்ளி வைக்க இடமில்ல” என்று பர்னபாஸ் மாமாவைப் பார்த்தபடி சங்கரபாண்டியன் கையில் கொடுத்தார்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டாக்டர் கையெழுத்துப் போட்டார். அடுத்த அறை கிளார்க் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். “திங்கக்கிழமை வாரும். மொதல்ல ஏத்துற சரக்கு மருந்துக்குப் போற நிலாவரை இலை. நாலு நாளைக்கு அதுதான்.”

“ஏலே, அது காஞ்ச எலை, ஒரே தூசியால்லா இருக்கும்!” என்றார் மாமா.

“சும்மா இருங்க மாமா” என்ற சங்கரபாண்டியன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கிளார்க்கிடம் கேட்டான்.