தட்டில் இருக்கிறவன்

பிள்ளை பிறந்ததும் எந்த அப்பனும் கேட்காத கேள்வியை என் புருஷன் கேட்டான். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை, எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. "கொடி எவ்வளவு நீளம் இருக்கு, டாக்டர்?" என்றான். விடிய விடிய வலியில் கத்திக் கிடந்த எனக்கு, கைக்கு எட்டுவதை எடுத்து அவன் மேல் வீசலாமா என்று வந்தது. தலையணைதான் எட்டியது, அதைத்தான் வீசினேன்.

அவனையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. சுஹாஸுக்கு மருத்துவ ஆராய்ச்சி லேபில் வேலை. காய்ச்சல் கிருமி மூக்கோடும் நெஞ்சோடும் நிற்காமல் ரத்தக் குழாய்க்குள் போய் என்னென்ன அக்கிரமம் செய்கிறது என்று பார்ப்பது அவன் பிழைப்பு. ரத்தக் குழாயின் உள்பக்கம் முழுக்கப் பாய் விரித்த மாதிரி ஒரு வரிசை செல்கள் உண்டாம். பிரசவத்துக்குப் பிறகு குப்பைக்குப் போகிற தொப்புள்கொடியிலிருந்து அவற்றை எடுத்து, தட்டில் வளர்த்து, கிருமியை விட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் கிருமி செல்களை ஒன்றைவிட்டு ஒன்றைப் பிரித்துவிடுகிறது, குழாய் ஒழுக ஆரம்பிக்கிறது என்று சுஹாஸ் ஒரு கட்டுரை எழுதினான். இன்னொரு தாயின் கொடியிலும் இதைச் செய்து காட்டினால் போடுகிறோம் என்று ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அந்த நேரம் பார்த்து லேபில் பூஞ்சை புகுந்து இருந்த செல்களையெல்லாம் தின்று தீர்த்தது.

டிசம்பரோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. கட்டுரை வந்தால் நீட்டிப்பார்கள். வராவிட்டால் பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரில், வில்லரே பேட்டையில் இருக்கும் மூன்றாம் மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கைப்பிள்ளையோடு வேறு ஊர் பார்க்க வேண்டும். அதனால் எட்டு மாச வயிற்றோடு நானேதான் சொன்னேன், "என் கொடியையே எடுத்துக்கயேன்" என்று. லேபில் கேட்டான், நெறிமுறைக் குழுவைக் கேட்டான், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் கையெழுத்துப் போட்டேன்.

நிகிலை வீட்டுக்குக் கொண்டுவந்த கொஞ்ச நாளில், அவன் தொப்புளில் ஒட்டியிருந்த மிச்சத் துண்டு காய்ந்து விழுந்தது. கீழ் வீட்டு அஞ்சலீனா அக்கா எனக்குப் பத்தியக் கறி கொண்டு வந்திருந்தார். யாழ்ப்பாணத்து மகராசி, அவர் இல்லாவிட்டால் அந்த மாசம் நான் பட்டினிதான். துண்டைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"எறிஞ்சு போடாத பிள்ளை! வெள்ளித் தாயத்துக்குள்ள வைச்சு இடுப்பில கட்டிவிடு."

சுஹாஸ் சிரித்தான். "அக்கா, அது செத்துப்போன தோல். செல்னா வெறும் செல்தான். அதுல பிள்ளையும் இல்ல, பாசமும் இல்ல."

"ஓம் தம்பி, நீங்கள் படிச்ச ஆக்கள்," என்று அக்கா அவனைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, துண்டைக் காகிதத்தில் மடித்து என் கையில் திணித்தார்.

படித்த ஆள் விடுப்பில்தான் இருந்தான். ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் லேபுக்கு ஓடினான். தட்டில் வளர்கிற செல்களுக்குச் சத்துநீர் மாற்ற வேண்டுமாம். திரும்பி வந்ததும் வாசலிலேயே, "இன்னைக்கு நல்லாப் பரவியிருக்கான், மாளு," என்பான்.

"யாரு?"

"அவன்தான். லேப்ல."

"இங்க ஒருத்தன் டயப்பரை நனைச்சுட்டு அலறிட்டிருக்கானே, அவன் யாரு? பக்கத்து வீட்டுக்காரனா?"

ஒரு நாள் லேபில் எடுத்த படத்தைக் காட்ட அஞ்சலீனா அக்காவிடம் பெருமையாகப் போனை நீட்டினான். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, கல்லுப் பதிச்ச றோட்டு மாதிரிக் கிடக்கு? பிள்ளையின்ர முகம் எங்க?"

"இதுதான் அக்கா பிள்ளை," என்றான். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "நான் பேந்து வாறன்" என்று அக்கா நைஸாகக் கிளம்பிவிட்டார்.

அக்டோபர் முடிவில் கிருமியை விட வேண்டிய நாள் வந்தது. அன்றைக்கு விடாமலே திரும்பி வந்தான். மெஷின் சரியில்லையாம். அடுத்த வாரம் மழையாம். மழைக்கும் தட்டுக்கும் என்னடா சம்பந்தம் என்றால், "இன்னும் கொஞ்சம் வளரட்டுமே," என்றான். அவன் லேபில் வேலை செய்யும் மெலனி போன் பண்ணிய பிறகுதான் விஷயம் விளங்கியது. போன்ஜூர் சொன்ன கையோடு, சுஹாஸுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். கிருமிக் குப்பியை வெளியே எடுக்கிறானாம், தட்டைப் பார்க்கிறானாம், குப்பியைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்கிறானாம். நான் செய்து தருகிறேன் என்று அவள் சொன்னதற்கு முறைத்தானாம்.

அவன் உள்ளே வந்து ஷூவைக் கழற்றக்கூட நான் விடவில்லை.

"வேலை போனா மூணு பேரும் எங்கடா போறது? செல்னா வெறும் செல்னு அக்காகிட்ட பாடம் எடுத்தியே!"

"தெரியும் மாளு."

"அப்புறம் என்ன? மெலனியை விடச் சொல்ல வேண்டியதுதானே?"

"வேற ஒருத்தர் கையாலயா?" என்று அதிர்ந்துபோய்க் கேட்டான். பிறகு குரல் இறங்கிவிட்டது. "முடியல. கையில குப்பியை எடுத்தா நிகில் கண்ணு முன்னாடி வர்றான். நானே எப்படி அவனுக்குக் குடுக்கறது?"

திட்டுவதற்கு வாயில் நிறைய வைத்திருந்தேன். சோறு போட்டேன்.

அடுத்த வாரம் நிகிலுக்கு முதல் தடுப்பூசி. சுகாதார நிலையத்தில் நர்ஸ், காலைப் பிடிக்க ஒருவர் வாருங்கள் என்றார். நான் வேண்டுமென்றே பின்னால் நகர்ந்து நின்றேன். சுஹாஸ் பிடித்தான். "பாதி டோஸ் போதாதா?" என்று நர்ஸிடம் கேட்டான் பாருங்கள், இத்தனை வருஷம் மருத்துவ ஆராய்ச்சி செய்த மனுஷன்! நர்ஸ் முழு டோஸையும் குத்தினார். நிகில் வீறிட்டான், நான் தோளில் போட்டுத் தட்டினேன், கொஞ்சத்தில் ஓய்ந்தான். அவன் அப்பன்தான் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "இந்த ஊசி எங்கிருந்து வந்துச்சுன்னு நினைக்கற? உன்ன மாதிரி எவனோ ஒருத்தன் தட்டுல கிருமியை விட்டுப் பாத்திருக்கான். அவனுக்கு வீட்ல பிள்ளை இல்லாமலா இருந்திருக்கும்?"

ஜாரி மெட்ரோ ஸ்டேஷன் வரை கூடவே வந்தான். வாசலில் நின்று நிகிலின் காலைக் கம்பளிக்குமேல் தடவிக் கொடுத்துவிட்டு, படியில் இறங்கிப் போய்விட்டான். மத்தியானம் ஒரே வரியில் செய்தி வந்தது: "கிருமியை விட்டுட்டேன்."

மறுநாள் சாயங்காலம் மூன்று மாடி ஏறி வந்தவன் கதவருகிலேயே நின்றான்.

"என்னாச்சு?"

"நான் சொன்னதுதான் சரி." போனைக் காட்டினான். கல் பதித்த தெரு இருந்த இடத்தில் கற்களெல்லாம் விலகி, சுருங்கி, நடுவில் வெறும் இடமாகக் கிடந்தது.

"பத்திரிகை ஒத்துக்குமா?"

"கண்டிப்பா. ஒப்பந்தத்தையும் நீட்டிடலாம்னு பேராசிரியர் சொல்லிட்டார்."

எனக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. "அப்புறம் ஏண்டா இழவு விழுந்த வீடு மாதிரி நிக்கற?"

"நான் சொன்னது தப்பாப் போயிருக்கக் கூடாதான்னு இருக்கு, மாளு."

ஐயையோ! இட்லிக்கு எவ்வளவு உளுந்து என்பதில் கூடத் தான் சொன்னதுதான் சரி என்று ஒரு வாரம் பேசாமல் இருக்கிறவன் அவன். கல்யாணமான நாளாக இந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே கிடையாது. நிகிலை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "இந்தா, இவன் நல்லாத்தான் இருக்கான் பாரு," என்றேன். உச்சந்தலையை முகர்ந்து பார்த்தான், வெகுநேரம் வைத்திருந்தான், என்னிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு கழற்றிய கோட்டை மறுபடி மாட்ட ஆரம்பித்தான்.

"இப்பதானே வந்த? எங்க கிளம்பற?"

"ஃப்ரீசர்ல இன்னும் கொஞ்சம் இருக்கான். கிருமியோட மருந்தையும் சேத்து விட்டுப் பாக்கணும். அவனையாவது காப்பாத்த முடியுதான்னு பாக்கறேன்."

மேசையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்திருந்தால் கீழ் வீட்டு அக்காவுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன்.

"போ," என்று அவன் தொப்பியை எடுத்துக் கொடுத்தேன். "அவனைப் பத்திரமாப் பாத்துக்கோ."