பெரியவரைக் கையாளும் விதம்

அந்தச் சரக்குக் கப்பலின் இரண்டாம் அதிகாரி வேலையை ஆறு வருடமாக ஒரே குடும்பம்தான் பார்த்து வந்தது. நான்கு மாதம் அத்தான், அடுத்த நான்கு மாதம் மைத்துனன். அத்தான் கட்டியிருந்தது மைத்துனனின் அக்காவை. வீடும் ஒன்றுதான். கீழே அத்தான், அக்கா, அக்காவின் அப்பா, மாடியில் மைத்துனன். ஒருவர் கப்பலில் ஏறினால்தான் மற்றவர் வீட்டுப் படி ஏற முடியும். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. சந்திப்பதெல்லாம் ஏதாவது ஒரு துறைமுகத்தில், நான்கு மணி நேரம், நடுவில் ஒரு சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு.

வீட்டில் ரெண்டு ஆம்பளைங்க இருந்தும் பல்பு மாத்த எப்பவும் ஒருத்தர்தான் என்று அக்கா அலுத்துக்கொள்வாள். ஆகவே ஒவ்வொரு ஆள் மாற்றத்தின்போதும் இரண்டு ஒப்படைப்புகள் நடந்தன. மைத்துனன் கப்பலேறும் முறை என்றால், கப்பலை அத்தான் அவனிடம் ஒப்படைப்பார். வீட்டை மைத்துனன் அத்தானிடம் ஒப்படைப்பான். கப்பலுக்குக் கம்பெனி கொடுத்த பதினான்கு பக்கப் படிவம் இருந்தது. வீட்டுக்குப் படிவம் கிடையாது. மைத்துனன் ஒழுங்கானவன், விமானத்தில் தூங்காமல் உட்கார்ந்து கோடு போட்ட தாளில் மூன்று பக்கம் கையால் எழுதிக்கொண்டு வருவான்.

இந்த முறை அவன் காலை பத்து மணிக்கு ஒரு பெட்டியோடு கப்பலின் ஏணிப்படி ஏறி வந்தான். இரண்டு மணிக்கு அத்தானை விமான நிலையத்துக்கு அழைத்துப் போகக் கார் வரும்.

"வா மாப்ள. வீட்ல எல்லாம் மிதக்குதா?" என்றார் அத்தான்.

"மிதக்குது அத்தான். மாடித் தொட்டிதான் ஒழுகுது. எல்லாம் எழுதியிருக்கேன்."

அத்தானின் அறையில் உட்கார்ந்து முதலில் வீட்டுக் குறிப்பைத்தான் படித்தார்கள். படித்து முடித்ததும், பெட்டியில் வைக்க மறந்துவிடக் கூடாதே என்று அத்தான் அந்த மூன்று தாள்களையும் கப்பல் படிவத்தின் பின்னால் சேர்த்துக் கிளிப் போட்டார். மறக்கக் கூடாது என்று செய்கிற காரியத்தைத்தான் மனிதன் முதலில் மறப்பான்.

பிறகு கப்பலைச் சுற்றினார்கள். திசைகாட்டி அரை டிகிரி வலப்பக்கமாகப் பொய் சொல்லும் என்றார் அத்தான். இரண்டாவது ரேடார் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் இடது பக்கம் ஒரு தட்டு தட்ட வேண்டும், ஆனால் கோபமாகத் தட்டினால் வேலை செய்யாது. உயிர்காப்புப் படகிலிருக்கும் பிஸ்கட்டுக்கு அடுத்த மாதம் கெடு முடிகிறது. மருந்து அலமாரியில் எல்லாம் கணக்காக இருக்கிறது. வயிற்றுவலி என்று வரும் சமையற்காரருக்கு மட்டும் மாத்திரை கொடுக்க வேண்டாம், அவருக்கு வலிப்பது வயிறல்ல, பேச ஆளில்லாத குறை. மைத்துனன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான்.

பதினொன்றரைக்கு கேப்டன் போன் செய்து, படிவத்தைக் கொண்டுவந்து வைத்தால் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னார். அத்தான் ஓடிப்போய் கிளிப்போடு அப்படியே அவர் மேசையில் வைத்துவிட்டு, மைத்துனனுக்குத் தீயணைப்புக் குழாய்களைக் காட்டக் கிளம்பிவிட்டார்.

கேப்டனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்குகிறவர், நல்ல மாலுமி, நல்ல மனிதர்தான். எட்டு மாதத்தில் ஓய்வு. அவர் முதுகுக்குப் பின்னால் கப்பலில் எல்லாரும் அவரைப் 'பெரியவர்' என்றுதான் சொன்னார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமையும் உண்டு.

இதில் என்ன சிக்கல் என்றால், வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்தார். மைத்துனனுக்கு அப்பா, அத்தானுக்கு மாமனார். ஒருவர் அப்பா என்று எழுத, மற்றவர் மாமா என்று எழுத, குறிப்பில் குழப்பம் வருகிறதே என்று ஆரம்பத்திலேயே இருவரும் பேசி வைத்துக்கொண்ட பொதுப்பெயர் அது.

கேப்டன் படிவத்தைப் புரட்டினார். பதினான்கு பக்கமும் சரி. பின்னால் கையெழுத்தில், நம் மொழியில், மூன்று தாள். ஒரு அதிகாரி அடுத்த அதிகாரிக்கு ரகசியமாக உண்மைகளை எழுதி வைப்பது எல்லாக் கப்பலிலும் நடப்பதுதான். அவரே இளவயதில் எழுதியிருக்கிறார். சிரித்துக்கொண்டே முதல் தாளைப் படிக்க ஆரம்பித்தார்.

'பெரியவர் – கையாளும் விதம்' என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டிருந்தது.

'காலையில் டீ உள்ளே போய்க் கால் மணி நேரம் ஆகும்வரை அவரிடம் யாரும் வாய் திறக்க வேண்டாம். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவார். எங்கே இருக்கிறதென்று சொன்னால் கோபம் வரும், தானாகக் கண்டுபிடிக்க விடவும். சொன்ன கதையையே சொல்வார், நடுவில் நிறுத்தினால் "அப்புறம்?" என்று கேட்க வேண்டும், இல்லாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். காது நன்றாகக் கேட்கும், கேட்காத மாதிரி இருப்பது அவர் வசதிக்கு. சர்க்கரை டப்பாவை மறைத்து வைக்கவும். அரை நிஜாரோடு வாசலில் போய் நிற்கிறார், ஜாடையாக எடுத்துச் சொல்லவும். இப்போதெல்லாம் வழி மறந்துவிடுகிறது. ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார். வெளியே கிளம்பினால் பத்தடி பின்னால் போகவும். அவருக்குத் தெரியக் கூடாது.'

'வீடு முழுக்க' என்ற சொற்களைக் கேப்டன் கவனிக்கவில்லை. அந்த இடத்தில் அவர் கை தன்னையறியாமல் தலைக்குப் போயிருந்தது. கண்ணாடி அங்கேதான் இருந்தது. கண்ணாடி இல்லாமலே இவ்வளவையும் படித்தது, எழுத்து கொட்டை கொட்டையாக இருந்ததால்தான்.

மற்றதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். சர்க்கரைகூடப் பரவாயில்லை. முப்பத்தாறு வருடம் கடலில் வழி கண்டுபிடித்த மனிதனுக்கு வழி மறந்துவிடுகிறதாம். முகம் சிவந்தது. இரண்டாவது தாளைப் புரட்டாமல் முதல் தாளையே மறுபடி படித்தார். கோபம் போய் வருத்தம் வந்தது. வருத்தம் போய், ஒருவேளை உண்மையாக இருக்குமோ என்ற பயம் வந்தது. இருவரையும் கூப்பிட்டனுப்பினார்.

அவர்கள் போய் நின்றபோது அவர் நிஜாரை மாற்றி முழுக்கால்சட்டை போட்டிருந்தார். இருவரையும் உட்காரச் சொன்னார். டீ வந்தது. தன் டீயில் சர்க்கரை வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார். கேப்டன் மரியாதையாக நடந்துகொண்டால் ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேப்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இளவயதில் மூடுபனியில் மூன்று நாள் தவித்து, கரையிலிருந்து வந்த வெங்காயம் வதக்கும் வாசனையை வைத்தே துறைமுகத்தைப் பிடித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். இருவரும் பலமுறை கேட்ட கதை. வாசனை வந்த இடத்தில் சட்டென்று நிறுத்தி, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்புறம், சார்?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். வருடக்கணக்காக வீட்டில் பழகிய வாய்.

கேப்டனின் தோள் தொங்கிப்போயிற்று.

"அப்புறம் என்ன. போய்ச் சேர்ந்தோம்" என்றார். எழுந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் கொஞ்சம் கரையில நடந்துட்டு வரேன். வந்து கையெழுத்துப் போடறேன். பின்னால யாரும் வர வேண்டியதில்லை."

மணி அப்போது ஒன்று. கையெழுத்து இல்லாமல் அத்தான் இறங்க முடியாது. கேப்டனோ படிவத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏணியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். இருவரும் மேல்தளத்திலிருந்து பார்த்தார்கள். பெரியவருக்கு உடம்பு சரியில்லையோ என்றான் மைத்துனன். உடம்புக்கு என்னவோ, எனக்கு ஐந்து மணிக்கு விமானம் என்றார் அத்தான். வேறு வழியில்லாமல் பின்னாலேயே இறங்கினார்கள். அவர் கண்ணில் படாதபடி கொஞ்சம் தள்ளியே போனார்கள்.

அந்தத் துறைமுகத்தில் கிடங்குகள் வரிசை வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே தகரக் கூரை. நடக்கிறவர்களுக்காகத் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அதுவும் பாதி அழிந்திருந்தது. கேப்டன் விறுவிறுவென்று இடதுபக்கம் திரும்பினார், பிறகு வலதுபக்கம், மறுபடி இடதுபக்கம். ஏழாம் எண் கிடங்கைத் தாண்டினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஏழாம் எண் கிடங்கு வந்தது. அவர் நின்று அந்த எண்ணை, அது வேண்டுமென்றே அங்கே வந்து நின்றதுபோல முறைத்தார். சூரியனைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டு, கம்பீரமாக ஒரு திசையில் நடந்தார். மூன்றாம் முறையும் ஏழாம் எண் கிடங்கு வந்தது.

இதற்குள் பின்னால் வந்த இருவருக்கும்கூடக் கப்பல் எந்தப் பக்கம் என்பது மறந்துபோயிருந்தது. ஒரு லாரி வர, இருவரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். மைத்துனன் ஒரு காலி இரும்புப் பீப்பாயை உதைத்துவிட்டான். அது கடகடவென்று உருண்டு போய் கேப்டனின் காலடியில் நின்றது.

கேப்டன் திரும்பினார்.

"எத்தனை அடி?" என்றார்.

"என்ன சார்?"

"பின்னால வர்றீங்களே, எத்தனை அடி? பத்துன்னுதானே எழுதியிருக்கு? இது இருபது இருக்கும் போலிருக்கே." சுருட்டியிருந்த படிவத்தைப் பிரித்து, பின்னால் சேர்த்திருந்தவற்றில் முதல் தாளை நீட்டினார். "என் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமேப்பா. இவ்வளவு வருஷம் கூட வேலை பார்த்தவங்க. சர்க்கரையை நானா திருடறேன்? அது என் டப்பா."

அத்தான் தாளைப் பார்த்தார். மைத்துனன் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"சார், அது எங்கப்பா."

"யாரு?"

"எங்கப்பா. இவருக்கு மாமனார். வீட்ல அவரைத்தான் பெரியவர்னு சொல்லுவோம். அடுத்த பக்கம் பாருங்க சார்."

கேப்டன் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு இரண்டாவது தாளை எடுத்தார். ஏழாம் எண் கிடங்கின் நிழலில் நின்று உரக்கப் படித்தார். மாடித் தொட்டி ஒழுகுகிறது, அடியில் வாளி வைத்திருக்கிறேன். பின்வாசல் தாழ்ப்பாளைத் தூக்கிப் போட வேண்டும். அக்கா கோபமாக இருந்தால் காரணம் கேட்க வேண்டாம், காரணம் நீங்கள்தான். கடைசி வரியை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு பக்கத்திலிருந்த இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அத்தான் அவசரமாகப் பேனாவை நீட்டினார். சிரிப்பு அடங்குவதற்குள் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்பது அவர் கவலை. கேப்டன் மைத்துனனைக் குனியச் சொல்லி, அவன் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சிரிப்பில் அது கோணலாகத்தான் விழுந்தது.

அத்தானைத் தேடிக்கொண்டு வந்த கார் ஓட்டுநர்தான் மூவரையும் ஏற்றிக்கொண்டு போனார். கப்பல் அந்தக் கிடங்குக்கு நேர் பின்னால் நின்றது. ஒரே திருப்பம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அத்தான் பெட்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, மைத்துனன் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு, அதே காரில் பறந்தார். விமானத்தின் கதவை மூடப் போகும் சமயத்தில் உள்ளே நுழைந்துவிட்டதாக மறுநாள் செய்தி வந்தது. தொட்டிக்கு அடியில் வாளி நிரம்பிவிட்டதாகவும் வந்தது.

கப்பல் கிளம்பி மூன்றாம் நாள், காலை டீக்குப் பிறகு கேப்டன் மேலே வந்து, தொலைநோக்கியைத் துடைத்தபடி மைத்துனன் பக்கத்தில் நின்றார். சுற்றிவளைத்துப் பேச ஆரம்பித்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். எட்டு மாதத்தில் வீட்டுக்குப் போய்விடப் போகிறார். முப்பது வருடக் கல்யாணத்தில் சேர்ந்தாற்போல் நான்கு மாதத்துக்கு மேல் வீட்டிலிருந்ததில்லை. மனைவி பாவம், இப்படி ஒரு முழு மனிதனை எப்படிச் சமாளிப்பாள்?

"நல்லா எழுதறப்பா நீ. எனக்கும் ஒண்ணு எழுதிக் கொடேன். அவளுக்கு அனுப்பணும்."

மைத்துனன் தயங்கினான். உண்மையை எழுத வேண்டும், மழுப்பக் கூடாது என்று கேப்டன் கண்டிப்பாகச் சொன்னார். அடுத்த நாலைந்து காலைகளும் இதே வேலையாகப் போயின. மைத்துனன் ஒரு வரி எழுதுவான். கேப்டன் அதை எதிர்த்து வாதாடுவார். பிறகு ஒப்புக்கொண்டு, அதற்கு மேல் தானாகவே இரண்டு குற்றம் சேர்ப்பார். குறட்டை, குளியலறையில் பாட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே வானிலை சொல்வது, தூக்கத்தில் இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் கத்துவது. ஐந்து பக்கம் வந்தது. கம்பெனிப் படிவத்தைப் போலவே தலைப்பும் எண்ணும் போட்டு, ஒப்படைப்பவர் என்ற இடத்தில் கேப்டனே கையெழுத்துப் போட்டார். பெறுபவர் என்ற இடத்தைக் காலியாக விட்டு, படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

இரண்டு நாள் பதில் இல்லை. கேப்டன் மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது. அதை அவர் மைத்துனனிடம் காட்டினார். கையெழுத்தெல்லாம் எதுவும் இல்லை, ஒரே வரி.

'இதெல்லாம் எனக்கு முதல் வருஷமே தெரியும். புதுசா ஏதாவது இருந்தா மட்டும் எழுதச் சொல்லுங்க.'

கேப்டன் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு, புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று மைத்துனனையே கேட்டார். மைத்துனன் யோசித்துப் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை. உணவறையிலிருந்து சாப்பாட்டு மணி அடித்தது. கேப்டன் அதையே சாக்காக வைத்துக்கொண்டு, முதல் ஆளாகக் கீழே இறங்கிப் போனார்.