ஏறுபலகை

"எங்க அப்பா வேலை செய்யுற மரக்கடைக்கு நீங்க வரணும் மாஸ்டர். வந்து, பலகையக் கெடுத்தது நீங்கதான்னு அவர்கிட்ட சொல்லி மன்னிப்பு கேக்கணும்."

நான் இதைச் சொன்னபோது மாஸ்டர் ஒரு கிட்டாரின் கழுத்தைத் தொடைமேல் கிடத்தி உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. பாலிஷ் அக்கா பஞ்சுருண்டையைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டுக் கதவோரம் வந்தார். வயரிங் செய்வதால் நாங்கள் 'கரண்ட்' என்று கூப்பிடும் அண்ணன் ரேடியோவின் காதைத் திருகி அணைத்தார்.

சம்பளம் கொடுப்பவர்களிடம் லீவு கேள், முன்பணம் கேள், பழைய துணி கூடக் கேள், அவர்கள் வாயிலிருந்து மன்னிப்பை மட்டும் கேட்காதே என்பது அம்மா எனக்குச் சொல்லி அனுப்பிய ஒரே புத்திமதி. "நியாயம் கேட்ட வீட்டுல மறுநாள் சோறு கேக்க முடியாது" என்பார். பதினொரு வீடுகளில் பாத்திரம் கழுவியவர். பன்னிரண்டாவது வீடு ஏன் இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியும்.

நான் மாஸ்டரின் கிட்டார் பட்டறைக்கு இயந்திரப் பொறியியல் முடித்த கையோடு போனேன். கம்ப்யூட்டரில் படம் வரைய ஆள் தேடினார்கள். எங்கள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதை அப்பா முதல் நாளே மாஸ்டரிடம் ஒப்பித்துவிட்டதால், அன்றிலிருந்து என் பெயர் டிகிரி. "டிகிரி, அந்தக் கிளாம்ப எடு." "டிகிரி, டீ ஆறுது."

சைக்கிள் கடைக்கு மேல்மாடி. வரிசையாக மூன்று அறைகள். முதல் அறையில் மரம், நடு அறையில் பசையும் கிளாம்பும், கடைசி அறையில் பாலிஷ். அந்தக் கடைசி அறையின் தரையைப் பாலிஷ் அக்கா எப்போதும் ஈரமாகவே வைத்திருப்பார், தூசு எழும்பி பூச்சில் ஒட்டக் கூடாதென்று. செருப்போடு யாராவது உள்ளே வந்தால், "வாங்க வாங்க, அப்படியே மாட்டையும் ஓட்டிட்டு வந்துருங்க" என்பார். காலையில் வேங்கை அறுத்தால் மதியம் கை கழுவும் தண்ணீர் மஞ்சளாக ஓடும். வாகை அறுத்தால் நாலு பேரும் மாறி மாறித் தும்முவோம். அதிகம் தும்மியவர் டீக்குப் போக வேண்டும். பெரும்பாலும் கரண்ட்தான் போவார். இன்றைக்கும் எங்காவது அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை வந்தால் என் கால் தானாக நிற்கிறது.

ஆர்டர் கொடுத்தவர் ஒரு பல் டாக்டர். பகலெல்லாம் பல் பிடுங்கிவிட்டுச் சாயங்காலத்தில் காது கிழிய வாசிப்பவர். கப்பலில் வரும் மரம் வேண்டாம், எல்லாம் உள்ளூர் மரமாக இருக்கட்டும் என்றார். தடித்த கம்பியை மிகவும் கீழே இறக்கிச் சுருதி வைத்தாலும் அது தொய்யக் கூடாது, மெல்லிய கம்பி விரலுக்கு இழுபட வேண்டும் என்றார். அதற்கு வழி ஒன்றுதான். தடித்த கம்பிக்கு நீளம் அதிகம், மெல்லிய கம்பிக்கு நீளம் குறைவு. ஒரு பக்கம் இருபத்தேழு அங்குலம், மறுபக்கம் இருபத்தைந்தரை. அப்படிச் செய்தால், கழுத்தின் குறுக்கே பதிக்கும் ஃப்ரெட் கம்பிகள் ஏணிப்படி போல நேராக நிற்காது. விசிறி மடிப்பைப் போல விரிந்து சாயும். ஏழாவது மட்டும் நேராக நிற்கும்.

நான் வரைந்த படத்தை மாஸ்டர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன இது, கிட்டாருக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சா?"

"கணக்கு சரிதான் மாஸ்டர்."

"கணக்கு சரி. பாக்கறவனுக்குல்ல சுளுக்கும்!"

சிரித்தார். ஆனால் அன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகும் அந்தப் படத்தை விட்டு எழவில்லை. மறுநாள் காலை என் மேஜைமேல் ஒரு புதுப் பென்சிலை வைத்து, "இந்த ஆர்டர் ஒன்னோடது. நான் எடுபிடி" என்றார். முப்பது வருடம் கிட்டார் செய்தவர். அப்படிச் சொல்ல அவருக்கு ஒரு ராத்திரிதான் தேவைப்பட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உடலுக்கு வாகை, கழுத்துக்கு வேங்கை கிடைத்துவிட்டன. விரல் ஓடும் மேல்பலகைக்கு, அதாவது ஃப்ரெட் பதிக்கும் பலகைக்கு, கல் மாதிரி ஒரு மரம் வேண்டியிருந்தது. அப்பாதான் கொண்டுவந்தார்.

அப்பா மரக்கடையில் லோடுமேன். தரையிலிருந்து லாரியின் பின்பக்கத்துக்குச் சாய்வாக ஒரு பலகை போட்டிருப்பார்கள். தோளில் சுமையோடு அதன்மேல் ஏறுவார்கள், வெறும் கையோடு இறங்குவார்கள். கருமருது மரம். ஏறுபலகை என்பார்கள். பள்ளி விட்டதும் நான் மரக்கடைக்குப் போய், அறுத்துப்போட்ட மரத்துண்டுகளின்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். நிமிர்ந்து பார்க்காமலே எனக்குத் தெரியும். சுமையோடு ஏறினால் பலகை அடித்தொண்டையில் முனகும். இறங்கும்போது 'தொம் தொம்' என்று துள்ளும். அப்பா இறங்கும்போது கடைசி எட்டில் குதிப்பார், எனக்காக. அந்தச் சத்தம் கேட்டால் மட்டும் நிமிர்வேன்.

பிறகு முதலாளி இரும்புப் பலகை வாங்கினார். பழையது சுவரோரம் கிடந்தது. நான் மரம் தேடுகிறேன் என்றதும் அப்பா அதைக் கேட்டு வாங்கி, பஸ்ஸின் கூரைமேல் போட்டு எடுத்துவந்தார். மாடிப்படியில் அவரே தூக்கிவந்து மாஸ்டர் முன் வைத்தார்.

"நான் வேலைக்குச் சேந்தப்பவே இது கெழவிங்க முதலாளி. எத்தன காலு ஏறிச்சோ. பாட்டு வருமா இதுல?"

மாஸ்டர் விரல்கணுவால் தட்டிக் காதை வைத்தார். "ஐயா, இது பாடாது. கத்தும்" என்றார். அப்பா வெட்கப்பட்டார், அவரையே புகழ்ந்ததுபோல.

ஆணித்துளை, வெடிப்பு எல்லாம் கழித்ததில் சுத்தமாக ஒன்றரை முழம் தேறியது. ஒரே ஒரு பலகை. இழைத்ததும் எத்தனையோ வருட அழுக்குக்கடியில் காப்பிக்கொட்டை நிறமும் நடுவே கறுப்பு வரிகளும் வந்தன. பாலிஷ் அக்கா எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் பூச்சே போட மாட்டேன்டி, பாவம்" என்றார். நான் இரண்டு ஓரங்களிலும் பென்சிலால் குறி போட்டேன். ஒரு ஓரத்தில் நீளக் கணக்கு, மறு ஓரத்தில் குட்டைக் கணக்கு. எதிரெதிர்க் குறிகளை இணைத்து ரம்பத்தால் கீறினால் விசிறி வந்துவிடும். அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை எனக்குப் பட்டமளிப்பு விழா.

நான் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு அம்மா அப்பா நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட அந்த மதியத்தில், மாஸ்டர் தனியாக உட்கார்ந்து அந்தப் பலகையைக் கீறியிருக்கிறார். திங்கட்கிழமை நான் வரும்போது முடிந்திருக்க வேண்டும், அதுதான் அவர் எனக்குத் தரும் பரிசு என்று நினைத்திருக்கிறார். மறுபக்கத்தில் வரி இன்னும் அழகாக இருந்ததால் பலகையைப் புரட்டிப் போட்டிருக்கிறார். சாதாரணக் கிட்டாரில் இரண்டு ஓரத்திலும் ஒரே கணக்குதான். எந்தப் பக்கம் புரட்டினாலும் மோசமில்லை. முப்பது வருடமாக அவர் கை அப்படித்தான் புரட்டியிருக்கிறது. விசிறியைப் புரட்டினால் இடம் வலமாகிவிடும். நீள ஓரம் மெல்லிய கம்பியின் பக்கம் போய்விட்டது. ஆழமாகவும் கீறியிருந்தார். பழையபடி திருப்பி அதே கோட்டில் இந்தப் பக்கமும் கீறினால் பிஸ்கட் மாதிரி உடையும்.

திங்கட்கிழமை என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்தது. பலகையை வாங்கிப் புரட்டினார், மறுபடி புரட்டினார். "சே" என்றார். எனக்கு அப்போது கோபமே வரவில்லை. எந்தப் பக்கம் மேல் என்று நான் ஒரு அம்புக்குறி போட்டிருக்கலாம், போடவில்லை. "விடுங்க மாஸ்டர், வேற பாத்துக்கலாம்" என்றேன். மதியம் அவர் தன் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து என் மூடியில் வைத்தார். சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை அப்பா வந்தார். பலகை கிட்டாராகி வருவதைப் பார்க்க, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு. நான் கீழே பசை வாங்கப் போயிருந்தேன். மாடியேறி வந்தபோது அப்பா மாஸ்டர் முன் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

"பலகையத் தெரியாம வெட்டிக் கெடுத்துட்டா முதலாளி. மனசுல வெச்சுக்காதீங்க. நீங்கதான் பொறுத்துப் போகணும்."

"அட, இருக்கட்டும்ங்க. படிச்ச புள்ளைங்க கணக்கு நல்லாப் போடும். கைவேலை மெதுவாத்தான் வரும்" என்றார் மாஸ்டர்.

பாலிஷ் அக்கா தரையைப் பார்த்தார். கரண்ட் ஒரு வயரைப் பார்த்தார். மாஸ்டர் என்னைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. பசை டப்பாவை வைத்துவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

வீடு போகும் வழியெல்லாம் சொன்னேன். "நான் வெட்டலப்பா. அவருதான் வெட்டுனாரு."

"சரிம்மா."

"நான் பட்டம் வாங்கப் போயிருந்தேன்ப்பா! நீங்களும்தானே கூட வந்தீங்க!"

"சரிம்மா, சரிம்மா. பலகைதானே, போனாப் போவுது."

"நீங்க நம்பல."

"அவ்ளோ பெரிய மனுசன், எதுக்கும்மா பொய் சொல்லப் போறாரு?"

பதினாறு வருடப் படிப்பு. அதற்காக அப்பா ஏறிய ஏற்றத்தை எண்ண முடியாது. அத்தனையும் கூட்டி வைத்தாலும் என் வார்த்தை ஒரு முதலாளியின் வார்த்தைக்கு அரைக்கால் எடை கூட இல்லை, பெற்ற தகப்பனிடமே. என்னால் அவருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சொல்ல வேண்டிய வாய் வேறு.

அந்த வாயிலிருந்துதான் மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, மன்னிப்பைக் கேட்டு நின்றேன்.

"அப்பாவ இங்க வரச் சொல்லு. சொல்லிடறேன்" என்றார் மாஸ்டர்.

"இங்க வேண்டாம். இங்க அவரு கும்பிட்டுட்டாரு. நீங்க அங்க வாங்க."

"அத்தன லோடுமேனுங்க நடுவுலயா?"

"இங்க அக்கா முன்னாடி, கரண்ட் முன்னாடிதானே அவரு நின்னாரு."

"டிகிரி, ஒனக்காகத்தான் அன்னிக்கு உக்காந்து வெட்டினேன். நீ வந்து பாத்தா சந்தோசப்படுவியேன்னு."

"தெரியும் மாஸ்டர். அதனாலதான் திங்கக்கெழம ஒண்ணும் கேக்கல."

"நீ ஒரு அம்புக்குறி போட்டிருந்தா இதெல்லாம் வருமா?"

"வராது. அத நானே அப்பாகிட்ட சொல்லிக்கறேன். உங்க பங்க நீங்க சொல்லுங்க."

"போயிட்டுத்தான் வாங்களேன் மாஸ்டர்" என்றார் பாலிஷ் அக்கா. "ஒரே பஸ்ஸு. உக்காரக் கூட எடம் கெடைக்கும்."

"நீ சும்மா கெட! ஒன் வேலையப் பாரு." மாஸ்டர் கிட்டார் கழுத்தை மறுபடி தொடைமேல் கிடத்தினார். "அவரே விட்டுட்டாரு. ஒனக்கென்ன? ஒரு வாய் வார்த்த. தப்பு என் கையிதுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் ஆர்டர் குடுப்பான்? நாலு பேரு சோத்துக்கு நான்தான் பதில் சொல்லணும்."

அது பொய்யில்லை. அவருடைய பயமும் எனக்குத் தெரிந்த பயம்தான்; அம்மாவின் முகத்தில் அதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தேன். அதனால் ஒரு நிமிடம் காத்திருந்தேன். உப்புத்தாள் ஓடத் தொடங்கியது. மேலும் கீழும், வேங்கைத் தூள் அவர் முழங்கால்மேல் மஞ்சளாக விழுந்தது. அந்தக் கையை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

"சாயந்திரம் பேசிக்கலாம்" என்றார், நிமிராமல். "இப்ப வேலையப் பாரு."

"சரி மாஸ்டர்."

முடிந்தது என்று நினைத்தார். ரேடியோ மறுபடி பாடியது. நான் என் மேஜைக்குப் போனேன். அதன்மேல் எதுவும் இல்லை. காலையில் யாரும் வருமுன்பே வந்து, டாக்டரின் படங்களை மாஸ்டருக்குப் புரியும்படி கணக்கெல்லாம் எழுதி, எல்லாத் தாளிலும் பெரிய அம்புக்குறி போட்டு அவர் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தேன். என் அளவுகோலும் உளியும் பையில் இருந்தன. பலகையும் இருந்தது. மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

பாலிஷ் அக்கா முதலில் பார்த்தார். "எங்கடி கெளம்பிட்ட?"

"மரக்கடைக்கு."

"சாப்பாட்டு நேரத்துக்குள்ள வந்துருவியா?"

நான் பையைத் தோளில் மாட்டியதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஈரத் தரையைக் கடந்து, மூன்றாவது அறையிலிருந்து நடு அறைக்கு, அங்கிருந்து முதல் அறைக்கு என் பின்னாலேயே வந்தார். மாஸ்டரின் கை மறுபடி நின்றது. அவர் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேன் என்று அவர் நினைத்திருக்கலாம். அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் நான் திரும்பியிருக்க மாட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.