ஆள் எடைக் கல்

1966-இல் பாலக்கோட்டுப் பள்ளி மைதானத்தில் அமெரிக்கப் படம் ஒன்று காட்டினார்கள். ராக்கெட் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சுழன்று உடைந்தது. அதன் தலையில் இருந்த சின்னக் கோபுரம் தீ கக்கி, ஆள் உட்காரும் கூண்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு பறந்தது. பாராசூட் விரிந்தது.

"உள்ள இருந்த மகராசன் பொழைச்சானா பாப்பா?" என்றாள் ராஜமேரி அண்ணி.

நான் பி.எஸ்சி. முடித்திருந்தேன். "ஆளே இல்லீங்க அண்ணி. முதல்ல ஆள் எடைக்குப் பாரம் வெச்சு விட்டுப் பாப்பாங்க."

அண்ணி என் அண்ணனைப் பார்த்தாள்.

அருள்சாமி அண்ணனுக்குக் கிணறுகளில் வேட்டு வைக்கும் வேலை. அடியில் திரியைக் கொளுத்திவிட்டுக் கூடையில் ஏறிக் குரல் கொடுப்பார். மேலே ராட்டினம் சுற்றும் மாது கன்னடக்காரர். அதனால் அண்ணன் "இழு" என்று கத்துவதில்லை, "எளி" என்பார். கன்னடத்தில் அதற்கு 'இழு' என்றுதான் பொருள். "எலி கத்துது, தூக்குங்கடா" என்று வீட்டில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

அண்ணி விடவில்லை. "கயிறு பழசுங்க. ஒரு தடவை கல்லு வெச்சு இழுத்துப் பாருங்க."

"கல்லுக்கும் சேத்து சோறு கட்டிக் குடு, கூட்டிட்டுப் போறேன்."

ஆனாலும் செய்தார். தன் எடைக்குக் கல் ஏற்றிக் கூடையை அடிவரை இறக்கினார்கள். மேலே நின்றபடி அண்ணன் கைகாட்ட, மாது சுற்றினார். கயிறு தாங்கியது. அண்ணி அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் மாதுவுக்குக் காய்ச்சல். ராட்டினத்துக்குச் சேலத்துப் பக்கத்து ஆள் ஒருவர் வந்தார். திரியைக் கொளுத்திய அண்ணன் பழக்கத்தில் "எளி! எளி!" என்று கத்தியிருக்கிறார்.

"எலிக்கா இந்தப் பயம்? மிதிச்சுப் போடுங்க" என்று மேலே நின்றவர் சிரித்திருக்கிறார். அவர் ராட்டினத்தில் கை வைப்பதற்குள் வேட்டு வெடித்துவிட்டது.

பிறகு அவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். யாரும் அவரைத் திட்டவில்லை.

"கல்லு வெச்சுப் பாத்தமே பாப்பா. கயிறு நல்லாத்தானே இருந்துச்சு?" என்று அண்ணி கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க அண்ணி."

கல் கூப்பிடாது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

கல்லறைக்கு மாது போர்வையோடு வந்தார். பெட்டியை இறக்கும் கயிற்றின் ஒரு முனையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெட்டி அடியைத் தொட்டது. சாமியார் ஜெபத்தை முடித்தார்.

"கயித்த இழுங்க" என்றார்கள்.

மற்றவர்கள் இழுத்துக்கொண்டார்கள். மாது கயிற்றை இறுகப் பிடித்தபடி, குழிக்குள் காது கொடுத்து நின்றுகொண்டிருந்தார்.