வீட்டில் எழுதியது

பெரியப்பா எழுதிய குடும்ப வரலாற்றில் அவருடைய தாத்தாவுக்கு இரண்டு மனைவிகள். முதலாமவருக்குப் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், மங்கலாக ஒரு புகைப்படம் எல்லாம் இருந்தன. இரண்டாமவருக்கு ஒரு கோடு இருந்தது.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவளால் அந்தக் கோட்டைத் தாண்டிப் போக முடியவில்லை. பதினெட்டு வருடமாக ஊரார் விட்ட புள்ளிகளைத் தேடிப்பிடித்து வைத்ததில் சொந்தக்காரர்கள் மத்தியில் அவளுக்குப் பெயரே புள்ளி என்றாகிவிட்டது. கையெழுத்துப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு பெரியப்பாவுக்குப் போன் செய்தாள்.

"பெரியப்பா, நாப்பத்திரண்டாம் பக்கத்துல ஒரு கோடு இருக்கே, அங்க என்ன வரணும்?"

"கோடுதாம்மா வரணும்."

"ஆளுக்குப் பேருன்னு ஒண்ணு இருக்குமே."

"இருந்திருக்கும், இல்லேங்கல. ரெண்டாந்தாரம், குழந்தைகுட்டி கிடையாது. நாங்கள்லாம் பொறக்கறதுக்கு முன்னாடியே போயாச்சு. சும்மா விட்டா இடம் மொட்டையா தெரிஞ்சுது, கோடு போட்டேன்."

பெரியப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். புத்தகத்தில் அவர் உயிரை வைத்திருந்தது கடைசி அத்தியாயத்தில்தான். 'தாத்தாவின் குறும்பு' என்று தலைப்பு. தையல் மெஷின் பழுதுபார்த்து வாழ்ந்த அந்தத் தாத்தா பதினோரு வருடம் நாட்குறிப்பு எழுதியிருந்தார். அதிலிருந்து பொறுக்கியெடுத்த வரிகளைப் பெரியப்பா கல்யாண வீட்டிலும் சொல்லுவார், பல் டாக்டரிடமும் சொல்லுவார். சொல்லிவிட்டு, தானும் ஒரு ஜோக்கை எடுத்து விட்டு, "தாத்தா ரத்தம், வேறென்ன" என்று மார்பைத் தட்டிக்கொள்வார்.

வரிகள் நன்றாகவே இருந்தன. 'பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் ஆலோசனை கேட்க வந்தார். இரண்டு மணி நேரம் அவரே சொல்லிவிட்டு நன்றி கூறிப் போனார்.' இன்னொன்று: 'வீட்டில் சொன்னதைக் கேட்டுக் குடை கொண்டு போனேன். சொன்ன பேச்சைக் கேட்டதில் வீட்டில் மயக்கம் போடாத குறை.'

இதைப் படித்ததும் புள்ளி பென்சிலைக் கீழே வைத்தாள். அந்தக் காலத்து ஆண்கள் மனைவியைப் பெயர் சொல்லமாட்டார்கள், 'வீட்டில்' என்பார்கள். அத்தியாயம் முழுக்க இருபத்தேழு இடத்தில் வீட்டில் வந்தது. வீட்டில் கோபப்பட்டது, வீட்டில் சிரித்தது, வீட்டில் பல்வலியோடு பாட்டுப் பாடியது. ஆக, கோட்டுக்குப் பின்னால் நல்ல வாயாடி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா வீட்டுக்குப் போய் அசல் நாட்குறிப்புகளைக் கேட்டாள். பதினொன்றையும் பீரோவிலிருந்து எடுத்து மேஜைமேல் அடுக்கினார்.

"மொதல் ரெண்டையும் விட்டுடு. மெஷின் நம்பரைத் தவிர ஒண்ணும் இல்லை. தாத்தாவுக்கு அப்ப சூடு பிடிக்கலை."

எதை விடச் சொன்னாலும் அதைத்தான் முதலில் எடுப்பாள் அவள். 'மெசின் 3. ஊசீ மாத்தினேன். பசி.' 'மெசின் 1. மளை.' பக்கத்துக்குப் பக்கம் இப்படியே. எழுத்து, கல்லில் உளி வைத்து அடித்த மாதிரி. மூன்றாவது நாட்குறிப்பைத் திறந்தாள். முதல் பக்கத்திலிருந்தே மழை சரியாகப் பெய்தது. மெஷின் மெஷினாகிவிட்டது. எழுத்து சாய்ந்து, நிதானமாக, ஒவ்வொரு 'ழ'வின் வாலும் பூனை வால் மாதிரி வரிக்குக் கீழே சுருண்டு கிடந்தது.

"பெரியப்பா, இது ரெண்டு பேர் கையெழுத்து."

"வயசானா கையெழுத்து மாறும்."

"டிசம்பர் முப்பத்தொண்ணுலேருந்து ஜனவரி ஒண்ணுக்குள்ளயா வயசாச்சு?"

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

"சரி, அவர் சொல்லச் சொல்ல யாராவது எழுதியிருப்பாங்க. சரக்கு தாத்தாவோடது. நீ புள்ளியப் பாரு, போதும்."

அதோடு அன்றைய பேச்சு நின்றது. அவள் நிற்கவில்லை. கிளம்பும்போது இரண்டு நாட்குறிப்புப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு நேரே அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை பெரியப்பாவின் தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், எதையும் தூக்கிப்போடாதவர். அவரிடம் அவருடைய அப்பாவின் சாமான்கள் அடங்கிய தகரப்பெட்டி ஒன்று இருந்தது. மெஷின்காரரின் ஒரே பையன்தான் அந்த அப்பா, முதல் மனைவிக்குப் பிறந்தவர்.

"கோடு போட்டுட்டானா அண்ணன்? எழுதத் தெரியலைன்னா கேக்க வேண்டியதுதானே?"

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"எனக்கும் தெரியாது. ஆனா கேட்டிருக்கலாம் இல்ல?"

பெட்டியில் உடைந்த மூக்குக்கண்ணாடி, பேருந்துப் பாஸ், அடியில் ஒரு கட்டு மதிப்பெண் அட்டைகள். மூன்றாம் வகுப்பு அட்டையில் வகுப்பாசிரியர் குறிப்பு: 'கெட்டிக்காரன். வாயை மூடிக்கொண்டால் இன்னும் கெட்டிக்காரன். வாய் மூட வழி தெரிந்தால் தகப்பனார் நேரில் வந்து சொல்லவும்.' 'வழி'யில் 'ழ'வின் வால் சுருண்டு கிடந்தது.

புள்ளி போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அத்தை குனிந்து பார்த்தார். அதே வால்.

நான்காம் வகுப்பு அட்டையில் ஆசிரியர் வேறு யாரோ. ஆனால் கீழே, பெற்றோர் கையெழுத்துக் கட்டத்தில், பூனை வால் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரே வருடத்தில் ஆள் மேல் கட்டத்திலிருந்து கீழ்க் கட்டத்துக்கு இறங்கிவிட்டார். கையெழுத்து முழுப்பெயராக, ஒரு எழுத்தும் விடாமல் தெளிவாக இருந்தது. பக்கத்தில் 'மாணவனுக்கு என்ன உறவு' என்ற இடத்தில், 'பையனைக் கேட்கவும்' என்று எழுதியிருந்தார். ஐந்தாம் வகுப்பு அட்டையில் அந்த இடம் அவருடைய எழுத்தில் இல்லை. பென்சிலை அழுத்திப் பிடித்து, கோணல்மாணலாக, பையனே நிரப்பியிருந்தான்: 'டீச்சர்'.

அத்தை கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா சாகற வரைக்கும் டீச்சர் டீச்சர்னு சொல்லிட்டே இருந்தார்டி. டீச்சர் இப்படிச் சொல்வாங்க, டீச்சருக்கு வெண்டைக்காய் பிடிக்காதுன்னு. பள்ளிக்கூடத்து டீச்சருக்கு வெண்டைக்காய் பிடிக்காதது இவருக்கு எப்படித் தெரியும்னு ஒருத்தரும் கேக்கலையே."

அட்டைகளின் படங்களைப் பெரியப்பாவுக்கு அனுப்பினாள். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. கோபமாக இருக்கிறார் என்று பெரியம்மா ரகசியமாகச் சொன்னார். சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் முதல் இரண்டு நாட்குறிப்பையும் வரி வரியாகப் படிக்கிறாராம், உன் வாதத்தை உடைக்கப் போகிறாராம்.

மூன்றாம் நாள் அச்சகத்தில் இருக்கும்போது போன் வந்தது.

"புள்ளி, ரெண்டாவது டைரி, ஜூன் மாசம். படிக்கறேன், கேளு. 'பல்லிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். பைய்யன் பேசுகிறானாம். போணேன்.' எட்டு நாள் கழிச்சு, 'மருபடி கூப்பிட்டார்கள். போணேன்.' அப்புறம் ஜூலை நாலு." பெரியப்பா பக்கத்தைப் புரட்டினார். "'இன்று கூப்பிடவில்லை. போணேன்.'"

புள்ளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். பல்லிகளின் கூடத்துக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பும் மெக்கானிக்கை அவள் கண் முன்னால் பார்த்தாள்.

"இரு, இன்னும் முடியலை. டிசம்பர் முப்பத்தொண்ணு. 'வீட்டில் என் எளுத்தைப் பார்த்து சிறிக்கிறார். நாளை முதல் நீங்களே எளுதுங்கள், என்ன எளுதினாலும் எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.'"

பெரியப்பா டைரியை மூடிவைக்கும் சத்தம் போனில் கேட்டது.

"சொல்லச் சொல்ல எழுதலைம்மா. அவங்களே எழுதியிருக்காங்க. குடை, பக்கத்து வீட்டுக்காரர், எல்லாமே. தன்னையே வீட்டில் வீட்டில்னு சொல்லி விளையாடியிருக்காங்க. அவங்க ரத்தம் எனக்கு ஒரு சொட்டு கிடையாது. நான் பாட்டுக்கு அறுபது வருஷமா மார்பைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

"உங்கப்பாவை வளர்த்தது அவங்கதானே பெரியப்பா. அவர் பேசித்தானே நீங்க பேசக் கத்துக்கிட்டீங்க."

"சமாதானம் சொல்லாதே. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. வெக்கமா இருக்கு, அவ்வளவுதான்." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "பதினொண்ணாவது டைரில அக்டோபரோட வால் நின்னுடுது. மூணு வாரம் காலி. அப்புறம் தாத்தா எழுத்து, ஒரே வரி. 'டீச்சர் இல்லை. மெசின் 2.' நான் இதை இத்தனை நாளும் யாரோ வாடிக்கையாளர் வரலைன்னு நெனச்சுப் படிச்சிருக்கேன்" என்றார்.

  

புத்தகம் மூன்று வாரம் தள்ளிப்போனது. கடைசி அத்தியாயத்துக்குப் பெரியப்பா ஏழு தலைப்பு எழுதி ஏழையும் அடித்துவிட்டு, டீச்சரின் முழுப்பெயரைப் போட்டு, கீழே 'எழுதிய நாட்குறிப்பு' என்று முடித்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையை முழுப்பக்கப் படமாகப் போடுவது என்று முடிவானபோதுதான் அத்தை சண்டைக்கு வந்தார்.

"கணக்குல பதினொண்ணுன்னு போட்டிருக்கு. எங்கப்பா மானம் என்னாவறது?"

"வெட்டிப் போடலாம்னா டீச்சர் கையெழுத்தும் பாதி போயிடும்" என்றார் பெரியப்பா.

"கட்டைவிரலை வெச்சு மறைச்சுப் படம் எடு."

அதையும் முயன்றார்கள். கட்டைவிரல்தான் பெரிதாகத் தெரிந்தது. கடைசியில் அட்டை அட்டையாகவே அச்சானது. வெளியீட்டுக்கு ஒரு வாடகைக் கூடத்தில் எழுபது பேர் கூடினார்கள். பெரியப்பா மேடையில் நின்று டீச்சரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கீழே பாதிப் பேர் அதற்குள் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். 'பதினொண்ணு' 'பதினொண்ணு' என்று வரிசை வரிசையாக ஒரு குசுகுசுப்பு நகர்ந்து போனது. அத்தை முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "வினாத்தாள் கஷ்டம்" என்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.