ஆபீசரைத் துரத்தியவள்

காட்டில் காய்ந்துபோன பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் வன்னியபெருமாளுக்கு அந்தப் போன் வந்தது. டிவிக்கார யோகராஜ். மாசி மாதம் பசுவந்தனைக்குப் பக்கத்திலிருக்கும் இவன் ஊருக்குக் கேமராவோடு வந்து, மகள் வள்ளிமயிலையும் அவள் வளர்க்கிற அடங்காத கிடாவையும் படம் பிடித்துக்கொண்டு போனவன். “நாளைக்குப் பதினோரு மணிக்கு வருது அண்ணாச்சி. குடும்பத்தோட பாருங்க. அக்காதான் பாத்துட்டு என்னைய வையப் போறாவ” என்று சிரித்தான். “சரி தம்பி” என்றான் வன்னியபெருமாள். பெண்டாட்டி சொர்ணம் போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்துக்கொண்டிருக்கிற ஆளிடம் அதை எங்கேயிருந்து ஆரம்பிப்பது.

கிடாவுக்கு ஆபீசர் என்று பேர் வைத்தது வள்ளிமயில்தான். கூப்பிட்டால் வராது, காகிதத்தைக் கண்டால் விடாது. அவளுடைய அரையாண்டுப் பரீட்சைத்தாளை, கையெழுத்து வாங்கக் கொண்டுவந்த அன்றைக்கே தின்றுவிட்டது. அந்தக் கதை பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி, டீச்சர் மூலமாக யோகராஜின் காதுக்கும் போய்விட்டது. படம் பிடித்த அன்று சொர்ணம் அடுப்படியைவிட்டு வெளியே வரவே மாட்டேன் என்றாள். போனை நீட்டினாலே முகத்தை மூடிக்கொள்கிறவள். ஆனால் கொடியில் காய்ந்த பள்ளிக்கூடச் சட்டையை ஆபீசர் கவ்விக்கொண்டு ஓடியதும், கேமரா இருப்பதே மறந்துபோய், விளக்குமாற்றோடு பின்னால் ஓடினாள்.

பங்குனியில் ஒருநாள் தலை வலிக்கிறது என்று படுத்தாள். கோவில்பட்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார்கள். கயத்தாறு தாண்டும் முன்னே ஆம்புலன்ஸில் அவன் பிடித்திருந்த கை கனத்துவிட்டது. சுவரில் மாட்ட ஒரு படம் தேடினால் ஆதார் அட்டையில் இருப்பதுதான் கிடைத்தது. அதைப் பெரிதாக்கி மாட்டினார்கள். அதில் இருப்பது யாரோ பயந்துபோன பொம்பளை. அன்றிலிருந்து வள்ளிமயில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளையாகிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுச் சுடலைமணியும் அவன் பெண்டாட்டியும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பதினோரு மணிக்கு ஆபீசர் டிவியில் வந்தது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வரைந்திருந்தார்கள். அது முட்டும்போதெல்லாம் ‘டொய்ங்’ என்று சத்தம். வள்ளிமயில் பல்லெல்லாம் தெரிய அதன் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு சட்டை. பிறகு சொர்ணம்.

அவளை வேகமாக ஓட விட்டிருந்தார்கள். கால்கள் சக்கரம் மாதிரி சுழல, விளக்குமாறு விர்விர்ரென்று ஆட, ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப மூன்று தடவை போட்டார்கள். அவள் குரலை எடுத்துவிட்டு மேளத்தைப் போட்டிருந்தார்கள். எங்கேயோ பத்துப் பேர் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். சுடலைமணியின் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள். வன்னியபெருமாள் ரிமோட்டை எடுத்தான். அப்போதுதான் பக்கத்திலிருந்து வந்த சத்தம் அவன் கையை நிறுத்தியது. வள்ளிமயில் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அவன் கேட்காத சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விக்கல் எடுக்க. அணைக்கவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

விளம்பரம் வந்ததும் அவள் சிரிப்பு நின்றது. “எப்பா, அம்ம இப்படி ஓடமாட்டால்லா?” என்றாள்.

“இல்லட்டி. அது அவிய பண்ணுனது.”

சாப்பிடாமல் வேப்பமரத்தடிக்குப் போய் யோகராஜைக் கூப்பிட்டான். இந்தத் தடவை சொல்லிவிட்டான். “வேகமா ஓட்டாதது ஒண்ணு இருக்கும்லா தம்பி. அவ குரலோட. அது மட்டும் போதும்” என்றான். யோகராஜ் தணிந்த குரலில், “கேமரா கார்டை அன்னைக்கே அழிச்சு அடுத்த ஊருக்குக் கொண்டுபோயிருவோம் அண்ணாச்சி. எனக்குத் தெரியாமப் போச்சே” என்றான். அவன்மேல் கோபப்பட வன்னியபெருமாளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

சாயங்காலம் வள்ளிமயில் செல்போனைக் கொண்டுவந்தாள். நிகழ்ச்சியை யூடியூபில் போட்டிருந்தார்கள். “வேகத்தைப் பாதியாக் குறைக்கலாம்ப்பா. பாரு” என்றாள். மேளம் நோவில் கிடக்கிற மாடு மாதிரி முனகியது. சத்தத்தை அமர்த்தினாள்.

சொர்ணம் ஓடினாள். இது அவள் ஓட்டம்தான். இடது கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முள்ளுக்குப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, பாதி ஓட்டமும் பாதி நடையுமாக. தொழுவத்து மூலையில் மூச்சு வாங்க நின்றாள். கேமரா பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். டிவியில் பார்த்தபோது அவள் அங்கே நின்றதே தெரியவில்லை.

“என்னப்பா சொல்லுதா?”

வன்னியபெருமாள் போனைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்தான். பத்து வருஷமாகப் பார்த்த உதடுகள். மறுபடி ஓட்டச் சொன்னான். “தெரியலட்டி” என்றான். “ஓம் பேரைத்தான் சொல்லுதான்னு நெனைக்கேன்.”

“இல்லப்பா. வாய் வேற மாதிரி இருக்கு.”

விரலால் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் ஓட விட்டாள். சொர்ணம் நின்று, திரும்பி, வாயைத் திறந்தாள். சொல்லி முடிப்பதற்குள் ஆபீசர் சட்டையும் வாயுமாகக் கேமரா முன்னால் வந்து, திரை முழுக்க அதன் முகமானது. வள்ளிமயில் அங்கே நிறுத்தினாள். கிடாவின் காது மடலுக்குப் பின்னால், பச்சைச் சேலையின் ஓரம் ஒரு விரல்கடை அளவுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் இரண்டு விரல்களை வைத்து அவள் பெரிதாக்கிக்கொண்டே போனாள்.