கறுத்துப்போன வைரத் தகடு

வைரத்தைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. எங்கள் கூடத்தில் அதை வளர்க்கிறோம். இயந்திரத்துக்குள் மீத்தேனைத் துளியூண்டும் ஹைட்ரஜனைத் தாராளமாகவும் விட்டுத் தகதகவென்று ஒளிரவைத்தால், தகட்டின்மேல் வைரம் படலமாகப் படியும். அதோடு வெறும் கரியும் படியும், பயிருக்கு நடுவே களை மாதிரி. அந்தக் களையை உடனுக்குடன் பறிப்பதுதான் ஹைட்ரஜனின் வேலை. பெயர் வாங்குவதென்னவோ வைரம்.

இதையெல்லாம் படித்துப் படித்துச் சொல்லித்தான் என் மனைவியின் தம்பியை அந்த இயந்திரத்தில் வேலைக்குச் சேர்த்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். மேலாளருக்கு அவன்மேல் நம்பிக்கையே இல்லை.

“இந்தத் தகடு நல்லா வரட்டும். இல்லேன்னா உங்க மச்சானை நீங்களே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்று சொல்லிவிட்டார்.

தகடு முடியும் தறுவாயில், இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து தண்ணீர்க் குழாயை முறுக்கிக்கொண்டிருந்தேன். தலைக்குப் பக்கத்தில் ‘உஸ்ஸ்’ என்று சத்தம். நான் நிமிர்வதற்குள் மச்சான் பாய்ந்துவந்து ஹைட்ரஜன் வால்வை இறுக்க மூடிவிட்டான். மீத்தேன் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் மூடிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், தகடு சட்டியின் அடி மாதிரி கறுத்துக் கிடந்தது. சத்தம் போட்டது ஹைட்ரஜனே இல்லை. காற்றுக் குழாய் ஒன்று கழன்றிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

“தண்டம்! ஹைட்ரஜன் கசிஞ்சா வெடிச்சிடும்னு தெரியுமில்ல, அப்போ என்ன செய்யணும்? வெளியில ஓடிப்போய் சிவப்பு பட்டனை அமுக்கணும். எல்லாம் ஒண்ணா நின்னிருக்கும், தகடும் தப்பிச்சிருக்கும். தலையில மூளைதானே வச்சிருக்கே?”

அவன் கழன்ற குழாயை எடுத்து என்னிடம் நீட்டினான்.

காற்றுக் குழாயை மாட்டிவிட்டு, மீத்தேன் இல்லாமல் ஹைட்ரஜனை மட்டும் திறந்தேன். நப்பாசைதான். ஹைட்ரஜன் கரியை அரிக்கிற வேகத்தில் வைரத்தை அரிக்காது. அடியில் வைரம் பிழைத்திருந்தால் மச்சானும் பிழைப்பான். இரண்டு பேரும் தலை முட்ட முட்ட அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“ஓரத்துல வெளுக்குது மாமா!” என்று அவன்தான் முதலில் கத்தினான். பாவி, அழுதுகொண்டே கத்தினான்.

மேலாளர் வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தேவலையே. சரி, இருக்கட்டும். இன்னொரு தடவை இப்படி நடக்கக் கூடாது” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. படியிறங்கும்போது கேட்டேன்.

“பட்டன் வெளியிலதான் இருக்குன்னு தெரியுமில்ல? கதவும் உன் பக்கத்துலதானே இருந்தது?”

“தெரியும் மாமா.”

“அப்புறம் ஏன்டா வெளியில ஓடலை?”

“நீங்க உள்ளே இருந்தீங்களே.”